ஒரே விதை, இரண்டு விலை: அவுரி இலையின் தரத்தை முடிவு செய்வது எது?

பாஞ்சாலங்குறிச்சியில் கோட்டை எழுந்ததற்கு ஒரு கதை சொல்வார்கள். கட்டபொம்மனின் முன்னோர் வேட்டைக்குப் போனபோது, நாய்கள் துரத்திய முயல் ஓரிடத்துக்கு வந்ததும் திரும்பி நின்று நாய்களையே விரட்டியதாம். முயலுக்கே வீரம் கொடுக்கிற மண் இது என்று அங்கேயே கோட்டையைக் கட்டினார்களாம். கதையை நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம். ஆனால் அதற்குள் விவசாயிக்கான கேள்வி ஒன்று இருக்கிறது. குணம் பிறப்பில் வருவதா, நிற்கிற மண்ணில் வருவதா?

முயலை விடுங்கள், செடிக்கு வருவோம். ஒரே மூட்டை அவுரி விதையை நீங்களும் உங்கள் மச்சானும் பாதிப் பாதியாகப் பிரித்து விதைக்கிறீர்கள். உங்கள் புஞ்சை கரிசல். அவருடையது ஓடைக்கு மேல்புறம் உள்ள செவல் காடு. தை மாதம் இருவரும் இலையைச் சாக்கில் கட்டி வைக்கிறீர்கள். வியாபாரி வந்து, சாக்குக்குள் கையை விட்டு ஒரு பிடி எடுத்து, உள்ளங்கையில் பரப்பிப் பார்க்கிறார். மச்சானுக்கு முழு விலை. உங்களுக்குக் கிலோவுக்குச் சில ரூபாய் குறைவு. காரணம் கேட்டால், "விதை சரியில்லை, அடுத்த வருஷம் நான் வேறு விதை தருகிறேன்" என்கிறார்.

விதைதான் காரணம் என்றால் மச்சானுக்கும் அதே விலைதானே கிடைத்திருக்க வேண்டும்? இந்தக் கேள்வியைக் கேட்காமல் புது விதைக்குப் பணம் கொடுத்துவிட்டால், அடுத்த தையிலும் இதே கதைதான்.

நெல்லைப் பெயரில் உலகம் போகும் இலை

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். நம் பக்கம் அவுரி என்று சொல்லி ஏற்றுமதிக்குப் பயிரிடும் இந்தச் செடி, நீலச் சாயம் எடுக்கும் அவுரி அல்ல. இது மஞ்சள் பூ பூத்து, தட்டையான காய் காய்க்கும் செடி. சித்த மருத்துவத்தில் நிலாவரை, நிலவாகை என்பார்கள். வெளிநாட்டு வியாபாரத்தில் சென்னா. அதிலும் நம் இலைக்குத் தனிப் பெயர் உண்டு: 'தின்னவேலி சென்னா'. 1986 வரை தூத்துக்குடி திருநெல்வேலி மாவட்டத்தோடு இருந்ததால், ஓட்டப்பிடாரம், விளாத்திகுளம் புஞ்சைகளில் விளைந்தாலும் சாத்தான்குளம் பக்கம் விளைந்தாலும் நெல்லைப் பெயரில்தான் கப்பல் ஏறியது.

அரேபியாவிலிருந்து வந்த செடி இது. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாளையங்கோட்டைப் பகுதியில் ஹியூஸ் என்ற ஆங்கிலேயர் இதைத் தோட்டமாகப் பயிரிட்டு இங்கிலாந்துக்கு அனுப்பி, நல்ல இலை என்று பெயர் வாங்கிக்கொடுத்தார். அதற்கு முன்பு ஐரோப்பியச் சந்தையில் ஓடியது எகிப்து, சூடான் பக்கத்து இலை. அதற்கு அலெக்சாண்ட்ரியா சென்னா என்று பெயர். இரண்டும் வெவ்வேறு இனம் என்றுதான் நெடுநாள் பாடப்புத்தகங்களில் இருந்தது. நம்முடையது நீண்டு ஒடுங்கிய இலை, ஒடுக்கமான காய். அவர்களுடையது சிறிய இலை, அகன்ற காய். பிற்காலத்தில் தாவரவியலாளர்கள் இரண்டையும் ஒரே இனமாகச் சேர்த்துவிட்டார்கள்.

வாங்குகிறவர் காசு கொடுப்பது இலைக்கல்ல, இலைக்குள் இருக்கும் சென்னோசைடு என்ற பேதி மருந்துப் பொருளுக்கு. உலக சுகாதார நிறுவனம் 1999-ல் வெளியிட்ட மருந்துச் செடித் தரத்தொகுப்பில், உலர்ந்த இலையில் இந்த வகைப் பொருள் 2.5 சதவீதத்துக்குக் குறையக்கூடாது. காய் என்றால் நம் நெல்லை வகைக்கு 2.2, அலெக்சாண்ட்ரியா வகைக்கு 3.4 சதவீதம். ஊர் வியாபாரி இதையெல்லாம் அளப்பதில்லை. அவர் பார்ப்பது நிறம், உடைசல், குச்சி, மண். ஆனால் அவரிடமிருந்து வாங்கும் ஏற்றுமதியாளர் ஆய்வகத்தில் அளக்கிறார். அங்கே எண் குறைந்தால் அந்தக் குறைவு படிப்படியாக இறங்கி உங்கள் சாக்கில் வந்து நிற்கும்.

விதை கொடுப்பது வரம்பு

விதைக்கு இதில் பங்கே இல்லை என்று சொல்லவில்லை. இலை எவ்வளவு அகலமாகலாம், எத்தனை நாளில் பூக்கும், மருந்துப் பொருள் அதிகபட்சம் எதுவரை ஏறும் என்ற வரம்பை விதைதான் போடுகிறது. கிள்ளிகுளம் வேளாண் கல்லூரியின் கே.கே.எம். 1, குஜராத் ஆனந்தின் தாமதப் பூப்பு ரகமான ஏ.எல்.எப்.டி. 2, லக்னோவில் உள்ள மத்திய மருந்து, நறுமணப் பயிர் ஆராய்ச்சி நிறுவனத்தின் 'சோனா' ஆகியவை இந்த வரம்பை மேலே தள்ளுவதற்காகத் தேர்ந்தெடுக்கப்பட்டவை. ஆனந்த் ரகம் தாமதமாகப் பூப்பதற்கு ஒரு காரணம் உண்டு. பூ வந்துவிட்டால் செடி இலையை விட்டுவிட்டுக் காயைப் பார்க்கப் போய்விடும்.

அந்த வரம்புக்குள் எந்த இடத்தில் நிற்பது என்பதை முடிவு செய்வது நிலமும், பருவமும், உங்கள் கையும்தான். உயரமாக வளரக்கூடிய வீட்டுப் பிள்ளையும் சோறு இல்லாவிட்டால் குட்டையாகத்தானே நிற்கும்?

கரிசலுக்கும் செவலுக்கும் உள்ள வித்தியாசத்தை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அவுரி அந்த இரண்டையும் எப்படிப் பார்க்கிறது என்பதைக் கவனியுங்கள். இந்தச் செடிக்கு வறட்சி பெரிய எதிரியல்ல. தேங்கும் தண்ணீர்தான் எதிரி. நம் மாவட்டத்தில் ஆண்டுக்குச் சுமார் 650 மி.மீ. மழை, அதிலும் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில். புரட்டாசியில் விதைத்த செடி சரியாக அந்த நேரத்தில்தான் இளம் பருவத்தில் இருக்கும். செவலில் தண்ணீர் இறங்கிவிடும். கரிசல் பிடித்து வைத்துக்கொள்ளும். இரண்டு மூன்று நாள் வேர் மூச்சுவிட முடியாமல் நின்றாலே அடியிலை மஞ்சளித்து உதிரும், வேர் அழுகும். மூடாக்கு வானமும் ஈரமும் சேர்ந்தால் இலைப்புள்ளி நோயும் வரும். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. கொட்டியதே, அந்த மாதிரி மழைக்கு எந்த ரகமும் தாங்காது. ஆனால் சாதாரண கார்த்திகை மழைக்கே கரிசல் அவுரி வாடினால், குறை விதையில் அல்ல, வடிகாலில். சரிவுக்குக் குறுக்கே பாத்தி உயர்த்தி, கடைசி மூலையில் வாய்க்கால் வெட்டி விடுங்கள். இது புது விதையை விட மலிவு.

அதே கரிசல் தை, மாசியில் உங்களுக்குக் கைகொடுக்கும். செவல் காய்ந்த பிறகும் கரிசலில் ஈரம் இருக்கும். அதனால் மச்சானின் செடி முந்திப் பூத்து இலையைக் குறைக்கும்போது உங்களுடையது இன்னொரு பறிப்புக்குத் தழைத்து நிற்கலாம். ஒரே விதைதான், ஒரு நிலத்தில் முதல் பறிப்பு நன்றாக இருக்கும், இன்னொன்றில் மூன்றாம் பறிப்பு. வியாபாரி எந்தப் பறிப்பில் வந்து பார்க்கிறார் என்பதைப் பொறுத்து யார் 'நல்ல விதை' வைத்திருக்கிறார் என்பதே மாறிவிடும்.

உரத்திலும் ஒரு கணக்கு இருக்கிறது. தண்ணீரும் தழைச்சத்தும் தாராளமாகக் கிடைத்தால் இலை பெருத்து எடை கூடும். மருந்துப் பொருளும் அதே வேகத்தில் கூடும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. கணக்குக்காக வைத்துக்கொள்ளுங்கள்: ஒருவருக்கு ஏக்கருக்கு 400 கிலோ உலர் இலை, சத்து 2.8 சதவீதம். மொத்தம் 11.2 கிலோ மருந்துப் பொருள். இன்னொருவருக்கு 600 கிலோ, சத்து 2.2 சதவீதம். மொத்தம் 13.2 கிலோ. நிலத்திலிருந்து அதிகம் எடுத்தவர் இரண்டாமவர்தான். ஆனால் 2.5 சதவீதத்தை வாசற்படியாக வைத்திருக்கும் வாங்குபவரிடம் அவருடைய லோடுதான் நிற்கும். எனவே யூரியா போடும் முன்பு உங்கள் இலை எடைக்குப் போகிறதா, சத்துக்குப் போகிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

பறிப்பில் போவது அதிகம்

எந்த மண்ணாக இருந்தாலும், அதிகம் இழப்பது பறிப்பிலும் உலர்த்துவதிலும்தான் என்பது என் எண்ணம்.

ஆடு மாடு கடிக்காத இலை இது. அந்தக் கசப்பு செடியின் காவல். (ஆனால் வெளிர் நிற வண்ணத்துப்பூச்சியின் பச்சைப் புழுவுக்கு அந்தக் காவல் ஒரு பொருட்டே இல்லை, அதற்கு இதுதான் விருந்து.) செடி தன் இளந்தளிரைத்தான் அதிகம் காக்கிறது. அதனால் இளம் இலையில் மருந்துப் பொருளின் சதவீதம் அதிகம். இலை விரிந்து முற்ற முற்ற அது குறையும். காயும் அப்படித்தான். வெளிர்பச்சை மஞ்சளுக்குத் திரும்பும்போது பறித்த காய்க்கும், செடியிலேயே பழுப்பாகி விதை குலுங்கும் காய்க்கும் தரம் ஒன்றல்ல.

விதைத்து இரண்டு மாதத்தில் முதல் பறிப்பு, பிறகு மாதம் ஒரு பறிப்பு என்பது வழக்கம். ஆள் கிடைக்கவில்லை என்று இரண்டு பறிப்பை ஒன்றாக்கி, கொப்போடு உருவினால் என்ன ஆகும்? இளம் இலை, முற்றிய இலை, மஞ்சள் இலை மூன்றும் ஒரே சாக்கில் சேரும். ஆய்வகம் எடுக்கும் பிடியில் எது வருகிறதோ அதுதான் உங்கள் எண். ஆள் பற்றாக்குறை எனக்கும் தெரியும். நூறு நாள் வேலை, தீப்பெட்டி ஆபீஸ், உப்பளம் என்று எல்லோரும் ஒரே ஆட்களைத்தான் தேடுகிறோம். முழு வயலையும் ஒரே வாரத்தில் பறிக்க முடியாதென்றால், விதைப்பையே பத்து நாள் இடைவெளியில் இரண்டாகப் பிரித்துக்கொள்ளலாம். பூங்கொத்தை ஆரம்பத்திலேயே கிள்ளிவிட்டால் இலை தழைப்பதும் கூடும்.

வயலுக்குள் வயது வித்தியாசம் வருவதற்கு இன்னொரு காரணம் முளைப்பு. அவுரி விதையின் தோல் கெட்டி. அப்படியே விதைத்தால் கொஞ்சம் இந்த மழைக்கு முளைக்கும், கொஞ்சம் அடுத்த மழைக்கு. விதையைப் பெருமணலோடு சேர்த்துத் தேய்த்து, இரவு முழுக்க ஊறவைத்து விதைத்தால் ஒரே சீராக வரும். ஏக்கருக்கு 6 முதல் 8 கிலோ விதைக்கு இது ஒரு மணி நேர வேலை.

காயும்போது உருவாகும் மருந்து

உலர்த்துவது என்றால் ஈரத்தைப் போக்குவது, அவ்வளவுதான் என்று நினைக்கிறோம். அவுரியில் விஷயம் வேறு. பச்சிலையில் சென்னோசைடு அதன் முழு வடிவில் இருப்பதில்லை. அதன் பாதித் துண்டுகளே இருக்கின்றன. இலை காயும்போதுதான் அவை இரண்டிரண்டாக இணைந்து சென்னோசைடாகின்றன. இது மிதமான வெப்பத்தில், 20 முதல் 50 டிகிரி செல்சியசுக்குள் நடப்பது. அதாவது உங்கள் களம் சும்மா காயப்போடும் இடம் அல்ல. மருந்து உருவாகும் கடைசி இடம் அதுதான்.

கொளுத்தும் வெயிலில் தார் ரோட்டில் பரப்பினால் இலை வெளுத்து மஞ்சளாகும். பறித்ததைக் குவித்து வைத்து மறுநாள் பிரித்தால் உள்ளே புழுங்கிக் கருக்கும். நிழலில் மெல்லிய பரப்பாக, அவ்வப்போது புரட்டிவிட்டு, ஒரு வாரம் முதல் பத்து நாள் வரை உலர்த்துங்கள். இலை பச்சை மாறாமல், கையில் நொறுங்கும் பதத்துக்கு வர வேண்டும். ஈரம் 12 சதவீதத்துக்கு மேல் இருந்தால் மூட்டைக்குள் பூஞ்சணம் வரும். தார்ப்பாய் விரிக்காமல் வெறுந்தரையில் போட்டால் ஒட்டும் மண்ணையும் அவர்கள் அளப்பார்கள். இலையை எரித்து, சாம்பலை அமிலத்தில் கரைத்தால் எஞ்சுவது பெரும்பாலும் மணல்தான். ஐரோப்பிய மருந்துத் தரநூலில் அதற்கு 2.5 சதவீதம்தான் இடம். தேரிக் காற்று வீசும் சாத்தான்குளம் பக்கத்தில் இது சாதாரண விஷயமல்ல.

உங்கள் மச்சான் வீட்டுக்கு முன்னால் ஒரு கொட்டகை இருந்து, உங்களிடம் இல்லாமல் போயிருந்தால், நீங்கள் இருவரும் பேசிக்கொண்டிருக்கும் 'விதை' வித்தியாசம் வெறும் கூரை வித்தியாசமாகவே இருக்கலாம்.

எல்லா விதையும் ஒரே வயலில்

எது விதை, எது நிலம் என்று பிரித்துப் பார்ப்பதற்கு எளிய வழி இருக்கிறது. இதை நன்றாக விளக்கும் உதாரணம் நாம் பயிரிடக்கூடாத செடியில்தான் கிடைக்கிறது. கஞ்சா, 1985-ஆம் ஆண்டு போதைப்பொருள் சட்டப்படி நம் ஊரில் குற்றம். ஆனால் அதே இனத்தைச் சேர்ந்த நார்ச் சணலை உலகின் பல நாடுகளில் வளர்க்கிறார்கள். போதை தரும் பொருள் 0.3 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது என்பதே அங்கு பரவலான நிபந்தனை. நம் நாட்டில் அரசு உரிமத்தோடு இதற்கு முதலில் வழிவிட்ட உத்தரகாண்டிலும் அதே 0.3 தான். அங்கே விவசாயி பயப்படுவது நமக்கு நேர் எதிர். நமக்கு எண் குறைந்தால் நஷ்டம், அவருக்கு எண் ஏறினால் பயிரே அழிக்கப்படும்.

1970-களில் கனடாவின் ஒட்டாவாவில் எர்னஸ்ட் ஸ்மால் என்ற தாவரவியலாளரும் உடன் பணியாற்றியவரும் பல நாடுகளிலிருந்து வரவழைத்த 350 விதைத் தொகுதிகளை ஒரே இடத்தில் விதைத்துப் பார்த்தார்கள். மண் ஒன்று, மழை ஒன்று, பகல் நீளம் ஒன்று. அப்படியும் மிஞ்சி நின்ற வித்தியாசம் விதையுடையது. அதில் இரண்டு பொருள்களின் விகிதம், அதாவது இந்தச் செடி போதை வகையா நார் வகையா என்பது, பெரும்பாலும் பிறப்பிலேயே முடிவாகிறது. மொத்தத்தில் எவ்வளவு சேரும் என்பதில் பூ முதிர்ச்சிக்கும் வளர்ப்புக்கும் பெரிய பங்கு உண்டு.

இதையே நீங்கள் நான்கு பாத்தியில் செய்யலாம். உங்கள் விதை, வியாபாரி சிபாரிசு செய்யும் விதை என இரண்டு எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டையும் உங்கள் கரிசலில் பக்கத்துப் பக்கத்துப் பாத்தியில் போடுங்கள். அதே இரண்டையும் மச்சானின் செவலிலும் போடச் சொல்லுங்கள். வரப்போர வரிசையை விட்டுவிடுங்கள், அங்கே செடி எப்போதும் கொழுப்பாக இருக்கும். இடம் இருந்தால் ஒவ்வொன்றையும் இடம் மாற்றி மூன்று முறை போட்டால் இன்னும் நம்பலாம். ஒரே வயதில் பறித்து, ஒரே கொட்டகையில் உலர்த்தி, எடை போட்டு, சாம்பிளை ஆய்வகத்துக்கு அனுப்புங்கள்.

வியாபாரியின் விதை இரண்டு நிலத்திலும் முந்தினால், அவர் சொன்னது உண்மை, வாங்கிவிடுங்கள். இரண்டு விதையும் செவலில் நன்றாகவும் கரிசலில் மோசமாகவும் வந்தால் குறை உங்கள் நிலத்திலோ வடிகாலிலோ இருக்கிறது, விதைக்குக் கொடுக்கும் பணம் வீண். ஒரு விதை கரிசலில் முந்தி, மற்றது செவலில் முந்தினால் அதுதான் மிக உபயோகமான விடை. யாருக்கு எது என்று தெரிந்துவிடும்.

வேளாண் உதவி அலுவலர்களுக்கும் தோட்டக்கலை அலுவலர்களுக்கும் ஒரு வார்த்தை. செயல்விளக்கத் திடல் போடும்போது புது ரகத்தை நல்ல நிலத்திலும், பழையதை 'விவசாயி வழக்கப்படி' இன்னொரு நிலத்திலும் போட்டு ஒப்பிடாதீர்கள். அந்தப் பலகையில் எழுதும் மகசூலில் எவ்வளவு ரகத்தினுடையது என்று யாராலும் சொல்ல முடியாது.

சொந்த விதை எடுக்கிறவர்களுக்கு

நம்மில் பலரும் எப்படி விதை எடுக்கிறோம்? இலை பறித்து முடித்த வயலில் தப்பி நின்ற காய்களை உலுக்கி எடுக்கிறோம். அது நல்ல செடியின் விதையல்ல, பறிக்கிறவர் கண்ணில் படாத செடியின் விதை.

சரி, நல்ல செடியாகப் பார்த்துத் துணி கட்டி அடையாளம் வைக்கலாம் என்றால் அங்கேயும் மண் ஏமாற்றும். வாய்க்கால் ஓரத்துச் செடியும், போன வருஷம் கிடை போட்ட மூலையில் நிற்கும் செடியும் செழித்துத்தான் இருக்கும். அந்தச் செழிப்பு விதைக்குள் போகாது. இதற்கு மக்காச்சோளத்தில் அமெரிக்காவின் நெப்ராஸ்காவைச் சேர்ந்த கார்டனர் 1961-ல் ஒரு வழி எழுதினார். வயலைச் சிறு கட்டங்களாகப் பிரியுங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் அந்தக் கட்டத்துக்குள் சிறந்த செடியை மட்டும் எடுங்கள். செழித்த மூலையிலிருந்து பத்துச் செடி எடுக்காதீர்கள், மெலிந்த மேட்டிலிருந்தும் ஒன்று எடுங்கள். பக்கத்துச் செடிகள் தவிக்கும் மேட்டில் ஒன்று மட்டும் பச்சையாக நின்றால், அது மண்ணால் நிற்கவில்லை.

விதைக்கு வைத்த அந்தச் செடிகளில் இலை பறிக்காதீர்கள். வேறு ரகம் பக்கத்தில் இருந்தால், தேனீயும் வண்டும் மகரந்தத்தைக் கலந்துவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

புரட்டாசி விதைப்புக்கு முன்பு கிள்ளிகுளம் கல்லூரியிலோ கோவில்பட்டி வேளாண் ஆராய்ச்சி நிலையத்திலோ மண் மாதிரியைக் கொடுத்து, உங்கள் கரிசலுக்கு எந்த ரகம் என்று கேட்டுக்கொள்ளலாம். போகும்போது போன வருஷத்து இலையில் கால் கிலோவை உறையில் போட்டு, எந்தப் பறிப்பு, எத்தனை நாள் உலர்த்தியது, எந்தப் புஞ்சை என்று மேலே எழுதிக் கொண்டுபோங்கள். மச்சான் வீட்டு இலையிலும் கால் கிலோ.